இரண்டரை மில்லிமீட்டர் கணக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செலவு குறைந்த இன்ஜின் மவுண்ட்

போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டட்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் லேசாகத் தோளைக் குலுக்கிவிட்டு அமர்ந்துவிடும். மவுண்ட், அதாவது இன்ஜினைச் சேஸியில் தாங்கி நிற்கும் ரப்பர் தாங்கி, போன இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி, 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு விழும். கீழே டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து, கறுப்பு வாய் திறந்தது போல ஒரு பிளவு தெரியும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது கிட்டத்தட்ட உறுதியாக வரும் நோய். ரப்பருக்கு வயது ஒரு எதிரி, சூடு இன்னொரு எதிரி, ஒழுகும் ஆயில் மூன்றாவது. வண்டிக்கு முப்பது, நாற்பது வயது ஆகிவிட்டால் மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கும். புது மவுண்ட் வாங்கலாம் என்று போனால், பல மாடல்களுக்கு அது வருவதே நின்றுபோயிருக்கும். கிடைத்தாலும், ஒரு கைப்பிடி ரப்பருக்கு இவ்வளவு விலையா என்று மலைக்க வைக்கும். அதனால்தான் பலரும் 'நாமே செய்துகொள்ளலாமே' என்று இறங்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பழைய மவுண்டை மேசையில் வைத்து அதே வடிவத்தில் இன்னொன்று செய்துவிட்டால் போதும் என்று நினைத்தால், பாதிப் பேருக்கு வண்டி முன்பைவிட மோசமாக நடுங்கும். மவுண்ட் என்பது ஒரு ஸ்ப்ரிங். அது எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வடிவம், பொருள், செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமுங்க விடுவதே ஏன் என்று கேட்கலாம். ஆரம்பகாலக் கார்களில் இன்ஜினை நேராகச் சேஸியில் போல்ட் போட்டு இறுக்கித்தான் வைத்திருந்தார்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினின் நடுக்கம் முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் முதுகில்தான் இறங்கும். 1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன்னுடைய பிளைமவுத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில், இன்ஜின் தன் எடை மையத்தை ஒட்டிய அச்சில் ஆடிக்கொள்ளும்படி ரப்பரில் உட்கார வைத்தது. அதே நான்கு சிலிண்டர் இன்ஜின்தான், ஆனால் நடுக்கம் உள்ளே வரவில்லை. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் அந்த உரிமையை வாங்கித் தன் கார்களில் போட்டு, நீரில் மிதக்கும் அன்னத்தை அதற்கு அடையாளச் சின்னமாக வைத்துக்கொண்டது. மிதப்பதுதான் விஷயம் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு மிதக்க வேண்டும்?

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிப்பு நடக்கும். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) 800 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நொடிக்கு 13.3 சுற்று, அதாவது நொடிக்குச் சுமார் 26.7 துடிப்பு. இதுதான் நாம் தடுக்க வேண்டிய அதிர்வு: 26.7 ஹெர்ட்ஸ்.

இன்னொரு பக்கம், ரப்பர் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. ஒரு முறை அழுத்தி விட்டால் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது அது. இந்தச் சொந்த ஆட்டத்தைப் போல 1.41 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வை மட்டும்தான் மவுண்ட் குறைத்து அனுப்பும். அதற்குக் கீழே குறைக்காது என்பது மட்டுமல்ல, பெருக்கியே அனுப்பும். ஆகவே நமக்கு வேண்டியது சொந்த ஆட்டம் மெதுவாக இருக்கிற மவுண்ட். பொதுவாக 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்.

அந்த 10 ஹெர்ட்ஸை எப்படி ஸ்கேல் வைத்து அளக்கிற ஒன்றாக மாற்றுவது? ஓர் அருமையான குறுக்குவழி இருக்கிறது. இன்ஜினின் எடை உட்கார்ந்ததும் மவுண்ட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் சொந்த ஆட்டம் ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். 10 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2.5 மி.மீ. அமுங்க வேண்டும். தலைப்பில் உள்ள எண் இதுதான்.

ஓர் உதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 180 கிலோ. முன்னால் இரண்டு மவுண்ட், கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று. முன் மவுண்ட் ஒவ்வொன்றும் 65 கிலோ தாங்குகிறது என்று வைப்போம், சுமார் 640 நியூட்டன். அது 2.5 மி.மீ. அமுங்க வேண்டுமென்றால் மவுண்டின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 255 நியூட்டன். இந்த மவுண்டைப் போட்டால் ஐட்லிங் அதிர்வில் கணக்குப்படி 16 சதவீதம்தான் பாடிக்குப் போகும்.

'ஸ்போர்ட்ஸ் கார்தானே, கெட்டியாகவே போடுவோம்' என்று அதையே நான்கு மடங்கு விறைப்பாகச் செய்துவிட்டோம் என்று வையுங்கள். சொந்த ஆட்டம் 20 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இப்போது பாடிக்குப் போவது 129 சதவீதம். அதாவது, மவுண்டே இல்லாமல் நேராக இறுக்கியிருந்தால் வருவதைவிட அதிகம்! நான் முதன்முதலில் கடினமான பாலியூரித்தேன் மவுண்ட் போட்ட வண்டியில் ஐட்லிங்கின்போது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு முகமும் தெளிவாகத் தெரியவில்லை. வேகம் கூடியதும் அடங்கிவிட்டது. காரணம் புரியாமல் பல நாள் கார்ப்பரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கணக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெதுவாக அழுத்தும்போது இருக்கிற விறைப்பைவிட, வேகமாக அதிரும்போது ரப்பர் கூடுதல் விறைப்பு காட்டும். கலவை கடினமாக இருந்தால் இந்த வித்தியாசமும் அதிகம். அதனால் கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் மிருதுவான பக்கமே சாய்ந்திருங்கள்.

முறுக்கு விசை என்ன செய்கிறது?

அப்படியென்றால் பஞ்சு போலச் செய்துவிடலாமே? முடியாது. எடையைவிடப் பெரிய விசை ஒன்று காத்திருக்கிறது.

நம் உதாரண இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, முதல் கியர் 3.5 மடங்கு என்று வைப்போம். பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டில் 700 நியூட்டன் மீட்டர் போகிறது. அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். இரண்டு மவுண்டுகளும் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 1,400 நியூட்டன்: ஒரு பக்கம் கீழ்நோக்கி, மறுபக்கம் மேல்நோக்கி. எடை வெறும் 640 தானே. எனவே அமுங்கும் பக்கத்தில் 2,040 நியூட்டன் ஏறும். எழும்பும் பக்கத்தில் எடை முழுதும் தீர்ந்துபோய், மேலும் 760 நியூட்டன் ரப்பரைப் பிய்க்கும் திசையில் இழுக்கும். கிளட்சைச் சட்டென்று விட்டால் இதுவும் கூடும். பெரும்பாலும் ஒரு பக்க மவுண்ட் மட்டும் முதலில் கிழிவதற்கு இந்த இழுப்பு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பக்கமே எக்ஸாஸ்டும் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

ரப்பர் கிழிந்தால் இன்ஜின் எழும்பிவிடாதபடி இரும்பே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கி அமைப்பு மவுண்டில் இருந்தாக வேண்டும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ், 1965 முதல் 1969 வரை தயாரான செவ்ரோலெட் வண்டிகளில் ஏறக்குறைய 67 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. மவுண்டின் ரப்பர் பிரிந்தால் இன்ஜின் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிடும், வண்டி தானாக வேகமெடுக்கும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு இன்ஜினைப் பிடித்து வைக்கும் ஓர் இரும்பு வடம். மிக எளிய பொருள்! நீங்கள் செய்யும் மவுண்டிலும் ரப்பரின் நடுவே ஒரு நீண்ட போல்ட்டும் அகலமான வாஷரும், அல்லது மேல் தகடு கீழ்த் தகட்டைச் சுற்றி வளைந்து வரும் ஒரு பட்டையும் போட்டுவிட்டால் இந்த ஆபத்து தீர்ந்தது. சாதாரண ஓட்டத்தில் அது எதிலும் தொடக்கூடாது. 8, 10 மி.மீ. நகர்ந்த பிறகுதான் தடுக்க வேண்டும்.

சாய்த்து வைப்பதன் அழகு

ரப்பரை வெறுமனே அழுத்தினால் விறைப்பாக இருக்கும். பக்கவாட்டில் நழுவ விட்டால் மிகவும் மிருதுவாக இருக்கும். ஏனென்றால் ரப்பரின் கன அளவு அமுக்கினாலும் குறைவதில்லை, பக்கங்களில் பிதுங்கித்தான் ஆக வேண்டும். பிதுங்க இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு விறைப்பு. (பழைய மவுண்டில் உள்ள காலி ஓட்டைகளைக் கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசையால் அடைத்துவிடுவது ஒரு பிரபலமான மலிவு வழி. அந்த ஓட்டைகள் பிதுங்குவதற்காகத்தான் விடப்பட்டவை. அடைத்த உடனே விறைப்பு பல மடங்கு ஏறிவிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.)

60 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு ரப்பர் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 50 சுற்றி இருக்கும் சாதாரண இயற்கை ரப்பர். அதை நேராக அழுத்தினால் மில்லிமீட்டருக்குச் சுமார் 380 நியூட்டன். பக்கவாட்டில் தள்ளினால் வெறும் 73. நமக்கு வேண்டியது 255, இரண்டுமே சரிப்படவில்லை. அதே வட்டை 40 டிகிரி சாய்த்து வைத்தால் எடை பாதி அழுத்தமாகவும் பாதி நழுவலாகவும் இறங்கும். செங்குத்து விறைப்பு 253 வந்துவிடும். கூடவே இன்னொரு லாபம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது இன்ஜின் பக்கவாட்டில் தள்ளும் அல்லவா? தட்டையாக வைத்த வட்டில், அது தாங்கும் இன்ஜின் எடைக்குச் சமமான பக்கவிசை வந்தால் இன்ஜின் கிட்டத்தட்ட 9 மி.மீ. நகரும். சாய்த்து வைத்ததில் 3 மி.மீ. சொச்சம்தான். பழைய கார்களின் மவுண்ட் ஏன் 'V' எழுத்து போல இரு பக்கமும் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு இதுதான் பதில். கூடுதலாக ஒரு கிராம் ரப்பர்கூடச் செலவில்லை, கோணத்தை மாற்றியதோடு சரி. செலவு குறைந்த வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றுவது இப்படிப்பட்டதுதான்.

எந்த வழியில் செய்வது?

முதலில் யோசிக்க வேண்டியது, தயாராகக் கிடைக்கிற ஒன்றை எடுத்துப் பிராக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்வது. அதே அளவு எடையுள்ள இன்ஜினோடு லட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் கார் ஏதாவது ஒன்றின் மவுண்ட் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும். அந்த ரப்பரை ஒரு பெரிய நிறுவனம் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்துவிட்டது. நாம் செய்ய வேண்டியது 6 மி.மீ. தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்வது மட்டுமே. அடுத்த முறை ரப்பர் போனாலும் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எடையும் சாய்வும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உள்ளே திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்ட் உள்ள வண்டிகளுக்கு இந்த வழி இன்னும் பொருத்தம். 1980-களின் போர்ஷே 944 இதற்கு நல்ல உதாரணம். 2.5 லிட்டர் கொண்ட பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின். நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டும் உண்டு, திரவ மவுண்டும் உண்டு. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூட்டில் மவுண்ட் ஒழுகித் தட்டையாகிவிட்டால் அந்த இரண்டு ஏற்பாடுகளையும் மீறி நடுக்கம் வந்துவிடும். திரவம் குறுகலான பாதையில் இரண்டு அறைகளுக்கு இடையே ஓடுவதால்தான் அந்த மவுண்டுக்கு நல்ல தணிப்பு கிடைக்கிறது. அதைச் சின்னப் பட்டறையில் செய்ய முயல வேண்டாம். வேறு வண்டியின் மவுண்டைப் பொருத்தலாம், அல்லது சற்றுக் கூடுதல் நடுக்கத்தை ஏற்றுக்கொண்டு முழு ரப்பருக்கு மாறலாம்.

இரண்டாவது வழி, பழைய மவுண்டின் இரும்பை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் நீக்கி, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேனை அதில் வார்ப்பது. சுலபமாகத் தெரியும், ஆனால் மூன்று இடங்களில் தோற்கும். இரும்பில் ஒரு பொட்டுத் துருவோ எண்ணெயோ இருந்தால் ஒட்டாது, மணல் அடித்துச் சுத்தம் செய்து பிரைமர் பூச வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே குமிழி விடும். கடைசியாக, கடினம்: ஷோர் ஏ 90-க்குப் போகிறவர்கள் அதிகம், 60-ஐ ஒட்டித் தொடங்குங்கள். ஆயிலைப் பாலியூரித்தேன் நன்றாகத் தாங்கும் என்பது இந்த வழியின் பெரிய பலம். ஒழுகுகிற பழைய இன்ஜினுக்கு அது சின்ன விஷயமல்ல.

இரு பக்கமும் ஸ்டட் வைத்த உருளை ரப்பர்கள், ஜெனரேட்டருக்கும் பம்புக்கும் போடுபவை, கேட்லாக்கில் விறைப்பு எண்ணோடு கிடைக்கும். நம் கணக்குக்கு நேராகப் பொருந்தும். இழுவிசைக்கு மட்டும் லாயக்கில்லை, மேலே சொன்ன கொக்கி இல்லாமல் போடவே கூடாது.

3டி பிரிண்டரில் செய்யலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். வார்ப்பு அச்சு செய்யவும், பிராக்கெட் உட்காருமா என்று மாதிரி பார்க்கவும் அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகிவிடும். மாதிரியை வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட விடாதீர்கள்.

பழைய மவுண்ட் சொல்லும் உண்மையும் பொய்யும்

அளவு எடுக்கும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய மவுண்ட் போல்ட் துளைகளின் இடத்தை உள்ளபடி சொல்லும், உயரத்தைப் பொய்யாகச் சொல்லும். அது பல ஆண்டுகளாக அமுங்கி, ரப்பரே நிரந்தரமாகத் தட்டையாகிப் போயிருக்கும். அதே உயரத்துக்குப் புதிதாகச் செய்தால், தொங்கிப்போன இடத்திலேயே இன்ஜினை நிரந்தரமாக்கிவிடுவோம். ஃபேன், ரேடியேட்டர் மூடியின் நடுவில் இருக்கிறதா? கியர் லீவர், துளையின் நடுவில் நிற்கிறதா? சம்ப்புக்கும் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பருக்கும் (அதன் கீழே குறுக்கே ஓடும் சேஸிச் சட்டம்) இடைவெளி எவ்வளவு? வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் இன்ஜினை மேலிருந்து செயினில் தொங்கவிட்டு, இவையெல்லாம் சரியாக வரும்வரை ஏற்றி, அந்த நிலையில் இரு பிராக்கெட்டுகளுக்கும் இடையே அளவெடுங்கள். அதுதான் எடை ஏறிய பிறகு இருக்க வேண்டிய உயரம். புது மவுண்டை அதைவிட 2.5 மி.மீ. உயரமாகச் செய்ய வேண்டும். ரப்பர் முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் நான் இன்னொரு அரை மில்லிமீட்டர் கூட்டி வைப்பேன். இன்ஜினுக்கு அடியில் கைவிட்டு வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து முடித்த மவுண்டைச் சோதிக்க பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு மவுண்டுகளையும் அவற்றின் சாய்வுக் கோணத்திலேயே ஒரு கனமான தகட்டில் இறுக்கி, மேலே ஒரு பலகையைப் பொருத்துங்கள். தலா 65 கிலோ இருக்கிற இரண்டு பேர் பலகையில் ஏறி நிற்கட்டும். ஏறுவதற்கு முன்பும் பின்பும் பலகையின் உயரத்தை வெர்னியரில் அளந்தால் வித்தியாசம் 2.5 மி.மீ. பக்கம் வர வேண்டும். அரை மில்லிமீட்டர்தான் வந்தது என்றால் அதை வண்டியில் மாட்டிப் பார்க்கவே தேவையில்லை.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் சுற்றிவிட்டு, இன்ஜினின் எடையை முழுதாக இறக்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதுவாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். முன்கூட்டியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஒரு மெல்லிய தகட்டை, விரல் நுழையும் இடைவெளி விட்டுக் குறுக்கே நிறுத்துங்கள். இயற்கை ரப்பர் 70 டிகிரிக்கு மேல் நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்காது. அப்புறம், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே ஓடும் எர்த் ஒயரைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். ரப்பர் கரண்டைக் கடத்தாது. அந்த ஒயர் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாதை தேடி, அதைச் சுட்டுவிடும்.

சம்ப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் உள்ள இடைவெளியை அன்றைக்கே அளந்து, போனெட்டின் உள்பக்கம் பெயிண்ட் மார்க்கரில் எழுதி வையுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு முறை அளந்தால் போதும். அந்த எண் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் குறையத் தொடங்கும்போது அடுத்த ஜோடியை வார்க்க ஆரம்பிக்கலாம்.